பொறுமையின் எல்லை

பொறுமையை எல்லாச் சமயங்களும் போற்றுகின்றன. ஆயினும் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எதையும் பொறுத்துக்கொள்பவன் உண்மையில் பக்குவமடைந்தவனா, அல்லது எதைப் பற்றியும் அக்கறை இல்லாதவனா? வெளிப்பார்வைக்கு இருவரும் ஒன்றுபோலவே அமைதியாக இருக்கிறார்கள். இவர்களைப் பிரித்தறிவது எப்படி? நியூசிலாந்து நாட்டின் ஒரு மழைச்சாலை இதைச் சிந்திக்க உதவுகிறது.

அந்நாட்டின் தென் தீவில், மேற்குக் கரையோரமாக 6-ஆம் எண் நெடுஞ்சாலை செல்கிறது. ஒருபுறம் தாஸ்மான் கடல். மறுபுறம் 3,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சிகரங்களைக் கொண்ட தென் ஆல்ப்ஸ் மலைத்தொடர். இடையே அடர்ந்த மழைக்காடு. ஃபிரான்ஸ் ஜோசஃப், ஃபாக்ஸ் என்னும் இரு பனியாறுகள் அங்கே மலையிலிருந்து காட்டை நோக்கி இறங்குகின்றன. அவற்றைக் காணப் பல நாட்டு மக்கள் வருகிறார்கள். வண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு, ஆங்காங்கே முகாமிட்டுச் செல்கிறார்கள்.

அப்படி வரும் ஒரு பயணியை எண்ணிப் பாருங்கள். பல மாதங்கள் திட்டமிட்டு வந்திருக்கிறார். மூன்று நாட்களாக மழை விடவில்லை. கூடாரம் நனைந்துவிட்டது, உடைகள் உலரவில்லை, மழை சற்று ஓய்ந்தால் கடிக்கும் சிறு பூச்சிகள் சூழ்ந்துகொள்கின்றன. பனியாறு மேகத்துக்குள் மறைந்து கிடக்கிறது. மழை தம் பயணத்தையே பாழாக்கிவிட்டதாக அவர் நொந்துகொள்கிறார்.

ஆனால் அவர் காண வந்த பனியாற்றுக்குத் தாய் யார்? அந்த மழைதான். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்கிறது. தாழ்வான இடங்களில் மழையாகவும், உச்சியில் பனியாகவும் பொழிகிறது. ஆண்டுதோறும் சேரும் பனி தன் எடையாலேயே இறுகிப் பனிக்கட்டியாகி, மெல்ல நகர்ந்து, கீழே உருகி, ஆறாகிக் கடலுக்குத் திரும்புகிறது. பனியாறு வேண்டும், மழை வேண்டாம் என்பது காரியத்தை விரும்பிக் காரணத்தை வெறுப்பதாகும். அனுபவம் வேண்டும், முதுமை வேண்டாம் என்பதும், குழந்தையின் அன்பு வேண்டும், கண்விழிக்கும் இரவுகள் வேண்டாம் என்பதும் இத்தகையவையே.

இங்கே தேவைப்படுவது திதிக்ஷை. கவலையும் புலம்பலும் இன்றி, எதிர்ச்செயலில் இறங்காமல் துன்பத்தைத் தாங்குவது என்று வேதாந்தம் அதை விளக்குகிறது. ரோமானியர் காலத்தில் அடிமையாக வாழ்ந்து பின்னர் தத்துவ ஆசிரியராக விளங்கிய எபிக்டீட்டஸும், தன் வசத்தில் உள்ளவற்றையும் இல்லாதவற்றையும் மனிதன் முதலில் பிரித்தறிய வேண்டும் என்று கற்பித்தார். மழை பயணியின் வசத்தில் இல்லை. அதைத் தாங்கும் மனம் அவர் வசத்தில் உள்ளது.

அப்படியானால் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு இருந்துவிடலாமா?

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதே கரையில் பெருமழை பெய்தது. ஃபிரான்ஸ் ஜோசஃப் ஊருக்கு அருகில், வைஹோ ஆற்றின் பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்றது, நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டது. ஃபாக்ஸ் ஆற்றங்கரையில், முன்பே மூடப்பட்ட பழைய குப்பைக் கிடங்கு ஒன்றையும் வெள்ளம் அரித்துத் திறந்தது. மண்ணுக்கடியில் மறந்துபோன பிளாஸ்டிக் கழிவுகள் ஆற்றிலும் நெடுந்தூரக் கடற்கரையிலும் சிதறின. புதைத்த வினை வெளியே வந்து நின்றது.

அங்குள்ள மக்கள் இரண்டையும் விதி என்று விட்டுவிடவில்லை. சில வாரங்களுக்குள் மாற்றுப் பாலம் எழுந்தது. நூற்றுக்கணக்கான தொண்டர்கள் கரையெங்கும் குனிந்து குப்பையைப் பொறுக்கினார்கள், ராணுவத்தினரும் துணைநின்றனர். தொண்டர்களில் பலர் அந்தக் குப்பையைக் கொட்டியவர்கள் அல்லர். யாரோ செய்த பழைய செயல் அவர்கள் வசத்தில் இல்லை. குனிந்து எடுப்பது அவர்கள் வசத்தில் இருந்தது.

திதிக்ஷையின் எல்லை இங்கே தெளிவாகிறது. அது தனக்கு நேரும் துன்பத்தைப் பற்றியது. பிறருக்கும் பிற உயிர்களுக்கும் நேரும் தீங்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்கு அது அனுமதி அளிக்கவில்லை. தன் துன்பத்தைத் தாங்குவது தவம்; பிறர் துன்பத்தைத் 'தாங்கிக்கொள்வது' கல்நெஞ்சம்.

அந்தப் பயணியின் நிலையை இந்த அளவுகோலால் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு வேகமாகப் பின்வாங்கியதால், பள்ளத்தாக்கிலிருந்து வழிகாட்டியுடன் நடந்து சென்று அதில் ஏறும் வழக்கம் 2012-இல் நின்றுபோனது. இன்று பனியின்மேல் நிற்க விரும்புவோரை ஹெலிகாப்டர் கொண்டு சேர்க்கிறது. பூமி வெப்பமடைவதற்கு மனிதன் எரிக்கும் எரிபொருள் முக்கியக் காரணம் என்பது அனைவரும் அறிந்ததே. நனைந்த கூடாரத்துக்காகக் கொதிக்கும் மனம், சுருங்கும் பனியாற்றைப் படம் எடுத்துக்கொண்டு அமைதியாகத் திரும்புகிறது. பொறுக்க வேண்டியதற்குச் சினமும், பொறுக்கக் கூடாததற்குப் பொறுமையும் என்று மனிதன் இரண்டையும் இடம் மாற்றி வைத்திருக்கிறான்.

மனம் பொறுமையை நாடும்போதெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். இது யாருடைய துன்பம்? இதில் என் கை எவ்வளவு? துன்பம் தன்னுடையதாகவும், நீக்குவது தன் வசத்தில் இல்லாததாகவும் இருந்தால் புன்னகையுடன் தாங்கலாம். பிறருடையதாக இருந்தால், தன் கையும் அதில் இருந்தால், பொறுமை என்ற சொல்லை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்து வேலையைத் தொடங்க வேண்டும்.