சபையில்லாத ஆலயம்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், சாலிஸ்பரி சமவெளியின் நடுவே ஒதுங்கிக் கிடக்கும் இம்பர் என்னும் சிற்றூரில் 1943 டிசம்பருக்குப் பின் எவரும் நிலையாகக் குடியிருந்ததில்லை. ஐரோப்பியப் படையெடுப்புக்காக அமெரிக்கத் துருப்புகளுக்குப் பயிற்சியளிக்க இடம் தேவைப்பட்டமையால், நவம்பர் முதல் நாளன்று மக்களைப் பள்ளிக்கூடத்தில் கூட்டி 47 நாள் தவணை கொடுத்த இராணுவம், போர் முடிந்த பின்னரும் அவர்களைத் திரும்பிக் குடியேற விடவில்லை. வீடுகள் சிதைந்தன, புனித ஜைல்ஸ் ஆலயம் வேலிக்குள் காக்கப்பட்டது. வழிபடுவோர் இல்லாத கட்டடம் எந்தப் பொருளில் ஆலயமாக நீடிக்கிறது என்பதே இங்கு எழும் வினா.

இங்கிலாந்துத் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாட்டு விதிகளுள் பத்தொன்பதாவது விதி, திருச்சபை என்பது இறைவார்த்தை பிரசங்கிக்கப்பட்டு, சாக்கிரமெந்துகள் எனப்படும் ஞானஸ்நானமும் திருவிருந்தும் முறையாக வழங்கப்படும் விசுவாசிகளின் கூட்டமே என வரையறுக்கிறது. அவ்வாறாயின் கூட்டம் கலைந்தவுடன் எஞ்சுவது கல்லும் மரமும் மட்டுமே. ஆனால் அதே திருச்சபையின் சட்டமோ, பேராயர் ஓரிடத்தை இறைவனுக்கென ஒதுக்கிவைக்கும் பிரதிஷ்டை, சட்டப்படி நீக்கப்படும்வரை, மனிதர் வந்தாலும் வராவிட்டாலும் நிலைத்திருக்கும் என்கிறது. கோட்பாடு புனிதத்தை மக்களிடத்தும் சட்டம் அதை மண்ணிடத்தும் வைக்கும் இம்முரண், மக்கள் நிறைந்த ஊர்களில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இம்பரில் பாப்டிஸ்ட் சபையாரின் சிற்றாலயமும் இருந்தது. கட்டடத்திற்குத் தனிப் புனிதம் எதுவும் இல்லை என்பது அச்சபையாரின் கொள்கை. பழுதடைந்த அவ்வாலயம் பின்னாளில் இடிக்கப்பட்டபோதும் அதன் கல்லறைத் தோட்டம் விட்டுவைக்கப்பட்டது. கட்டடத்தைக் கைவிட முடிந்த கொள்கையால் இறந்தோர் கிடக்கும் நிலத்தைக் கைவிட முடியவில்லை என்பது, அக்கொள்கையின் தோல்வி என்பதைவிட, அது சொல்லாமல் விட்ட பகுதி என்று கொள்வதே பொருந்தும்.

புனித ஜைல்ஸ் ஆலயம் தப்பியதில் தெய்வச் செயலைக் காண விரைவோர் ஓர் உண்மையை நினைவில் கொள்ளவேண்டும்: ஊரின் நிலத்தில் பெரும்பகுதியைப் போர் அலுவலகம் முன்னரே விலைக்கு வாங்கியிருந்தது, ஆலயமோ திருச்சபையின் உடைமையாகவே இருந்தது. அதனைக் காத்ததில் பக்தியைவிடச் சொத்துரிமையின் பங்கே பெரிது. அங்கிருந்த வீரர்களின் கற்சிலைகள் அருகிலுள்ள எடிங்டன் ஆலயத்துக்குப் பெயர்ந்தன. மணியடிக்கும் வரிசைமுறையைக் குறிக்கும் 1692 ஆம் ஆண்டின் சுவரெழுத்து மட்டும், அடிப்போர் இல்லாமலே கோபுரச் சுவரில் நிற்கிறது.

1961 இல் ஊரை மீட்கக் கோரி எழுந்த கிளர்ச்சி தோற்றது; எனினும் ஆண்டுதோறும் புனித ஜைல்ஸ் திருநாளை ஒட்டிய சனிக்கிழமையில் வழிபாடு நடத்தும் உரிமை கிடைத்தது. அன்று கூடுவோருள் இம்பரின் வழித்தோன்றல்கள் மிகச் சிலரே. பத்தொன்பதாம் விதியின்படி அக்கூட்டமும் குறைவற்ற திருச்சபையே. ஆயின் ஆங்கிலப் பங்கு முறை, அதாவது ஓர் எல்லைக்குள் வாழும் அனைவரின் ஆன்மப் பொறுப்பையும், அவர்கள் விசுவாசிகளாயினும் அல்லராயினும், ஒரே குருவிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு, வாழ்வோர் இல்லாத எல்லையில் பொருளிழக்கிறது. எஞ்சியிருப்பது பங்கு ஆலயமன்று, யாத்திரைத் தலம். 1538 இல் எட்டாம் ஹென்றியின் ஆணைகள் கண்டித்து ஒழிக்க முயன்ற அந்த வழக்கத்தை, அவர் நிறுவிய திருச்சபைக்கே இராணுவம் தன்னை அறியாமல் திருப்பித் தந்திருக்கிறது.