நாலடித் தண்ணீர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி எந்த ரிசார்ட்டுக்குப் போனாலும் நீச்சல் குளத்தை ஒட்டி ஒரு பலகை இருக்கும். இறங்கும் முன் ஷவரில் குளிக்கவும். நைலான் உடை கட்டாயம். ஓடக் கூடாது. குதிக்கக் கூடாது. கண்ணாடி டம்ளர் கூடாது. நான் பார்த்த பலகைகளில் எல்லாம் கடைசி வரி மட்டும் மாறுவதில்லை: குழந்தைகளுக்குப் பெற்றோரே பொறுப்பு.

என்னை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான். ரிசார்ட் தன் கையைக் கழுவிக்கொள்ள எழுதியது அது. ஆனால் குளத்தில் இறங்குகிறவர்கள் அதை வேறு மாதிரி வாசிக்கிறார்கள். என் பிள்ளை, என் பொறுப்பு, நீ யார் கேட்க?

போன மே மாதம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தபோது ஒரு பத்து வயசுப் பையன் விளிம்பில் ஓடி வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் நிற்கிற இடத்திலேயே தொப்பென்று விழுந்துகொண்டிருந்தான். லைஃப்கார்டுக்கு இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம். விசில் ஊதினார். பையன் சிரித்தான். மறுபடி விசில். மூன்றாவது விசிலுக்குச் சாய்வு நாற்காலியில் கிடந்த அப்பா போனிலிருந்து தலையைத் தூக்கினார். "விளையாடத்தானப்பா பூல் இருக்கு? காசு கட்டித்தான வந்திருக்கோம்?"

"சாரி சார்" என்றார் லைஃப்கார்டு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இப்பல்லாம் யார் வேணா வந்துடுறாங்க." அவர் பார்வை அந்தப் பையன் மேல் இல்லை. இன்னொரு மூலையில் டீ-ஷர்ட்டோடு இறங்கியிருந்த ஒரு பெரிய குடும்பத்தின் மேல் இருந்தது. பாட்டி முதல் பேரன் வரை பதினொரு பேர். சத்தம் அதிகம்தான். ஆனால் அவர்களில் ஒருவர்கூட ஓடவில்லை, குதிக்கவில்லை. பாட்டி படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்தார்.

இந்த இரண்டு விஷயங்களும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன: மேனர்ஸ். அடுத்தவர் மண்டை உடையாமல் காப்பதும் மேனர்ஸ், அடுத்தவர் நம்மாள் இல்லை என்று கண்டுபிடிப்பதும் மேனர்ஸ். பருத்தித் துணியின் நூல் ஃபில்டரில் போய் அடைக்கும் என்பதால் நைலான் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. டீ-ஷர்ட்டைப் பார்த்ததும் முகம் சுளிப்பதில் எந்த ஃபில்டரும் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் இந்தச் சுளிப்புக்கு வயசு அதிகம். 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கரும் அவரோடு வந்தவர்களும் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் பசுஞ்சாணமும் கோமியமும் ஊற்றி அந்தக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். 1964 ஜூன் 18 அன்று ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் ஊரில் மான்சன் மோட்டார் லாட்ஜின் நீச்சல் குளத்தில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து இறங்கிப் போராடியபோது, மேலாளர் மியூரியாட்டிக் அமிலத்தைக் கொண்டுவந்து தண்ணீரில் ஊற்றினார். படத்தை உலகமே பார்த்தது. மறுநாள் அமெரிக்க செனட் குடிமை உரிமைகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதனால் குளத்துப் பக்கம் யாராவது 'டீசன்ஸி' என்று ஆரம்பித்தால் நான் கொஞ்சம் உஷாராகிவிடுவேன்.

இந்த இடத்தில் ஊர்க் கிணற்றை இழுத்து வருவது நம் வழக்கம். முதுகில் சுரைக்குடுக்கையோ லாரி ட்யூபோ கட்டிக் கிணற்றில் தள்ளிவிடுவார்கள், மோட்டார் கொட்டகை மேலிருந்து பல்டி அடிப்போம், எல்லை மீறினால் வரப்பில் போகிற எந்தப் பெரியவரும் "எலேய், ஏறுடா மேல" என்று அதட்டலாம், வீட்டில் போய்ச் சொன்னால் அங்கே இன்னொரு அடி விழும். உண்மைதான். ஆனால் அந்தக் கிணறு யாருடையது, அதில் எந்தத் தெருப் பிள்ளைகளுக்கு நீச்சல் வந்தது, எந்தத் தெருப் பிள்ளைகள் கடைசி வரை கடப்பாரை நீச்சலோடு நின்றார்கள் என்றும் கேட்க வேண்டும். யார் பிள்ளையையும் யாரும் அதட்டலாம் என்ற உரிமை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. மேலத்தெருப் பிள்ளையைக் கீழத்தெருப் பெரியவர் அதட்டியிருப்பாரா? ஆகவே, பழைய காலம் திரும்பணும் என்று எனக்கு ஆசை இல்லை.

அப்படியானால் அந்தப் பையனை யார் நிறுத்துவது? எதற்காக?

சத்தத்துக்காக இல்லை. குழந்தைகள் தண்ணீரைக் கண்டால் கத்துவார்கள். அது அமைதியாக இருக்க வேண்டிய இடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சுத்தத்துக்காகவும் இல்லை. அதில் பெரியவர்கள் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. குளத்தில் கண்ணை எரிக்கிற அந்த வாசனையைக் குளோரின் வாசனை, சுத்தத்தின் அடையாளம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாக்குகிற குளோரமின்களின் வாசனை அது. ஷவரைத் தாண்டி நேராக இறங்குகிற பெரியவர்களின் பங்கும் அதில் இருக்கிறது. பிள்ளைகள் மீறுவது காதில் விழுகிறது, பெரியவர்கள் மீறுவது தண்ணீரில் கரைந்துவிடுகிறது.

என் காரணம் வேறு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஆர்ச்சர்ட் பீச்சில் லைஃப்கார்டாக இருந்த ஃப்ராங்க் பியா, மனிதர்கள் தண்ணீரில் எப்படி மூழ்குகிறார்கள் என்பதைப் படம் பிடித்துப் பார்த்து எழுதியவர். சினிமாவில் வருகிற மாதிரி மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வருகிற அந்த நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கூப்பிட இருக்காது. கை தானாகப் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். 20 முதல் 60 நொடிகளில் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்கு, பிள்ளை நின்றபடி விளையாடுகிற மாதிரிதான் தெரியும். 2021-இல் உலகம் முழுக்கச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

குளத்தில் பொதுச் சொத்து என்று ஒன்று இருந்தால் அது லைஃப்கார்டின் கண்தான். நாற்பது தலைகளுக்கு ஒரு ஜோடிக் கண். குதிக்கிற பையன் அதில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான், அவன் அப்பாவோடு பேச வேண்டியிருந்தால் மீதியும் போய்விடும். அந்த ஒரு நிமிஷத்தில், சத்தமே போடாத இன்னொரு பிள்ளையை யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்பா கட்டிய காசில் அறை வாடகை அடங்கும், காலைச் சாப்பாடு அடங்கும். அடுத்தவர் பிள்ளை மேல் இருக்க வேண்டிய பார்வை அடங்காது.

ஹன்னா அரெண்ட் 1958-இல் கல்வி பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு விஷயம் சொல்கிறார்: உலகத்திடமிருந்து பிள்ளையைக் காக்க வேண்டும், பிள்ளையிடமிருந்து உலகத்தையும் காக்க வேண்டும், பெரியவர்கள் இரண்டுக்கும் பொறுப்பு. முதல் பாதியை நாம் நன்றாகக் கற்றுக்கொண்டோம். அடிக்காதே, அவமானப்படுத்தாதே, அவன் ஆசையைக் கேள். எல்லாம் சரி, அடி வாங்கி வளர்ந்த தலைமுறைக்கு அது பெரிய விஷயம். ஆனால் இரண்டாம் பாதியை மாசம் சில ஆயிரம் சம்பளம் வாங்குகிற ஒருவர் கையில் விசிலாகக் கொடுத்துவிட்டு, அதை ஊதினால் ரிவ்யூவில் ஒரு ஸ்டார் குறைப்போம் என்கிறோம். அந்தப் பையனும் அன்றைக்கு ஒன்று கற்றுக்கொண்டிருப்பான். சம்பளம் வாங்குகிறவர் சொல்கிற 'வேண்டாம்', வேண்டாம் இல்லை. பத்து வயசில் அப்பா முன்னாலேயே கிடைக்கிற பாடம் அது. ஓடுவதைவிட அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அன்றைக்கு நான் எழுந்து போய், "தம்பி, அண்ணன் விசில் ஊதுறாருல்ல, நில்லு" என்றேன். நின்றான். கொஞ்சம் முறைத்தான். அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. நானும் காசு கட்டி வந்தவள் என்பதைத் தவிர அதற்குக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதே வாக்கியத்தை லைஃப்கார்டு சொல்லியிருந்தால் ரிசப்ஷன் வரை போயிருக்கும். பிறகு அவரே சொன்னார்: "போன மாசம் ஒருத்தர் அப்படித்தான் மேடம், மேனேஜரக் கூப்பிட்டாரு. நான்தான் சாரி கேட்டேன்."

பேச்சுவாக்கில், ஆள் இல்லாத நேரத்தில் இந்தக் குளத்தில் நீச்சல் அடிப்பீர்களா என்று கேட்டேன்.

"ஸ்டாஃப் இறங்கக் கூடாது மேடம்" என்றார், கண்ணைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல். "யாராச்சும் முழுகினா மட்டும்தான்."