நீலத்தில் இல்லாத பாடு

எந்த ஆவணம் வந்தாலும் டெர்மினலில் திறந்துதான் படிப்பேன். பிடிஎஃப் என்றால் பிடிஎஃப்டுடெக்ஸ்ட், வேர்டு என்றால் பேண்டாக். சின்னம், வண்ணம், பளபளப்பு எல்லாம் உதிர்ந்து கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மிஞ்சும். சரக்கு இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும் என்று கொஞ்சம் கர்வமாகவே நம்பியிருந்தேன்.

பழவேற்காட்டு நண்பன் ஒரு திட்ட அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நூற்றுக்கணக்கான பக்கங்கள். "இதுல நம்ம பாடு பத்தி எங்கயாவது போட்டிருக்கானா பாருடா."

பாடு என்பது கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்கள் ஏரியில் யார், எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு. ஒரு வீட்டின் வருமானம் அந்த முறைநாளில் இருக்கிறது.

ஆங்கிலப் பகுதியில் கிரெப் போட்டேன். இல்லை. தமிழ்ச் சுருக்கத்தில் போட்டால், தமிழே இல்லை! யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு; மேலே தமிழ், அடியில் ஆங்கில எழுத்துக் குப்பை. சுருக்கம் உள்ளூர் மொழியிலும் வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. கண்ணுக்கு மட்டும் தமிழாக இருந்து, தேடினால் பதில் சொல்லாத எழுத்தைக் கொடுத்தால் அந்தக் கடமை தீர்ந்துவிடுமா?

எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன். என் டெர்மினல் கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கில் ஓடுவது. ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நின்றது. போகட்டும், தேடல் வேலை செய்தது. 'பாடு' நிறைய கிடைத்தது: செயல்பாடு, மேம்பாடு, பயன்பாடு, கட்டுப்பாடு. தனியாக நிற்கும் பாடு ஒன்றுகூட இல்லை.

போன் செய்து சொன்னேன். அவன் அசரவில்லை.

"எழுத்த விடு. அந்த மேப்ப பாத்தியா? வலை கட்டுற எடமெல்லாம் வெறும் நீலமா விட்டிருக்கான். அம்மா விரல வச்சு காட்டுறாங்க, இங்கதான் உங்கப்பா கட்டுனாருன்னு."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் எந்த மேப்பையும் பார்க்கவில்லை. எழுத்தை மட்டும் உருவும்போது படம் சத்தமில்லாமல் போய்விடும். போனதற்கு ஒரு வரி அறிவிப்புகூட வராது. அலங்காரம் என்று நான் கழித்துக்கட்டியதில்தான் அவர்கள் ஏரி இருந்தது. அறிக்கை எழுதியவர்கள் விட்டதும் நான் விட்டதும் ஒன்றா? அவர்களுக்குக் கூலி உண்டு, எனக்கு இல்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் சட்டென்று தோன்றவில்லை.

"ஆட்சேபணைய எழுத்துல குடுக்கப்போறோம்டா," என்றான். நீலத்தை எப்படி எழுதுவது? அந்த இடங்களின் பெயரைக் கேட்டேன். அம்மா பின்னாலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் திருப்பிச் சொன்னான். கொம்புகள் இடம் மாறி விழ, நான் தட்டிக்கொண்டிருந்தேன்.