மனதில் இருப்பதை மெஷினிடம் கேட்கலாமா?

 

சில வாரங்களுக்கு முன் இஷா முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு வாலிபர் மட்டும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். யார் என்று தேட வேண்டாம். அவருடைய தாயார் மவ்த்தாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. போனை நீட்டி, “ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் படிங்க” என்றார்.

ஏதோ ஒரு ஏ.ஐ. செயலியில் அவர் ராத்திரி ராத்திரியாக எழுதி வைத்தது. நம் பொழிச்சலூரில் விமானச் சத்தம் புதிதல்ல, பிறந்ததிலிருந்து கேட்கிறோம். ஆனால் தாயார் போன பிறகு அந்தச் சத்தம் கேட்டாலே தனக்குத் தாங்க முடியாத கோபம் வருகிறது, பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன், ஏன் என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அது திருப்பிக் கேட்டிருக்கிறது: அந்த விமானத்தில் யாராவது வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா?

சவூதியில் இருக்கிற அண்ணன் ஜனாஸாவுக்கு வரவில்லை. அந்தக் கேள்வியைப் படித்த பிறகுதான், எட்டு மாதத்தில் முதல் தடவையாக அழுததாகச் சொன்னார்.

நான் என்ன சொல்ல? அது கேட்டது நல்ல கேள்வி. கூட இருந்த நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. தஃஸியத்துக்குப் போனோம், ஸப்ர் செய்யுங்கள் என்றோம், வந்துவிட்டோம்.

மனதில் இருப்பதற்குச் சரியான பெயர் வைப்பது மார்க்கத்துக்கு அந்நியமான காரியம் இல்லை. நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் (ரலி) மரணத் தறுவாயில் இருந்தபோது நபியவர்களின் கண்கள் கலங்கின. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) ஆச்சரியப்பட்டு, தாங்களுமா என்று கேட்டார்கள். இது ரஹ்மத் என்று நபியவர்கள் விளக்கினார்கள். பார்த்தவர் ஒன்றாக நினைத்த கண்ணீருக்கு அதன் உண்மையான பெயரைச் சொன்னார்கள். கி.பி. 934-ல் வஃபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் என்று பிரித்துப் பிரித்து அவற்றுக்கு மருந்து சொன்னார். உள்ளத்தின் நோய்க்கு ஒரு மருந்து மனிதனுடைய சிந்தனைக்குள்ளே இருக்கிறது, இன்னொன்று வெளியிலிருந்து மற்றவர் சொல்லும் நல்லுரையாக வருகிறது என்பது அவர் கருத்து.

ஆகவே அந்த வாலிபரிடம் ஹராம் என்று சொல்லிப் போனைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கீழே தள்ளிக்கொண்டே போனேன். பத்து நாள் கழித்து அவர் வேறு கேள்வி கேட்டிருந்தார்: அண்ணனிடம் பேசுவதை நான் நிறுத்திவிடலாமா? பதில் மிக இனிமையாக இருந்தது. உங்கள் வலி நியாயமானது, உங்கள் மன அமைதிக்காக அவரிடமிருந்து விலகி இருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு என்று. அன்றே அண்ணனுடைய நம்பரை பிளாக் செய்திருக்கிறார்.

சகோதரர்களே, இந்த இடத்தில்தான் நாம் நிற்க வேண்டும். முதல் கேள்வி அவருடைய உள்ளத்தைப் பற்றியது. அதற்கு அவருடைய பேச்சே போதும். இரண்டாவது கேள்வியில் இன்னொரு மனிதனுடைய ஹக் இருக்கிறது. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, ஒருவர் பேச்சைக் கேட்டதும் தீர்ப்பளிக்க வேண்டாம், மற்றவர் பேச்சையும் கேளுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் அறிவுரை சொன்னது அபூதாவூதில் வருகிறது. அந்த மெஷின் அண்ணனுக்கு போன் போடுமா? அதன் முன்னால் எப்போதும் ஒரு தரப்புதான். அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு, தூக்கம் வராமல் கோபத்தில் எழுதுகிற தரப்பு.

எதிரில் இருப்பவருக்குப் பிடித்ததைச் சொல்லும் குணமும் அதற்கு உண்டு. 2025 ஏப்ரலில் ஓபன் ஏ.ஐ. நிறுவனமே, தன் சாட்ஜிபிடி அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்று ஒப்புக்கொண்டு புதிய மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. நாம் இந்த வலையில் விழுவதும் இன்று நேற்றல்ல. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வைசன்பாம் என்பவர், நாம் எழுதுவதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எலிசா என்ற சாதாரண புரோகிராம் ஒன்றை வெளியிட்டார். அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் பார்த்த அவருடைய செக்ரட்டரியே, அதனோடு பேச ஆரம்பித்ததும், கொஞ்சம் வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னார். வெட்கப்படாமல் பேச ஒரு இடம் வேண்டும் என்ற ஏக்கம் அது. அந்த ஏக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் அந்த இடம் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஹன்ளலா (ரலி) தன் உள்ளத்தைப் பார்த்துத் தானே ஒரு பெயர் வைத்தார்கள்: நான் முனாஃபிக் ஆகிவிட்டேன் என்று. நபியவர்களின் சபையில் இருக்கும்போது உள்ள நிலை, வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்தால் மாறிவிடுகிறதே என்ற பயம். வழியில் அபூபக்ர் (ரலி) அதைக் கேட்டார்கள். எங்களுக்கும் அப்படித்தான் ஆகிறது என்றார்கள். பிறகு இருவரும் சேர்ந்தே நபியவர்களிடம் போனார்கள். முஸ்லிமில் உள்ள இந்த ஹதீஸில் அபூபக்ர் (ரலி) சொன்ன வார்த்தையை ஒரு மெஷினும் எழுதிக் காட்டும். ஆனால் அதற்கு வீடும் இல்லை, மனைவி மக்களும் இல்லை, மறுமையின் பயமும் இல்லை. எழுந்து கூட நடந்து வரவும் அதனால் முடியாது.

இன்னொன்று. தூக்கமே இல்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் செயலியில் எழுதிக்கொண்டு இருக்காதீர்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. டாக்டரிடம் போவது ஈமானில் குறை ஆகாது.

அந்த வாலிபரிடம் நான் ஒன்றுதான் கேட்டேன்: “அண்ணன் ஏன் வரலைன்னு அவர்கிட்ட கேட்டீங்களா?” தலையைக் குனிந்துகொண்டார். மூன்று நாளுக்கு மேல் பேசாமல் இருப்பது கூடாது என்ற ஹதீஸ் அவருக்கே தெரியும். நான் சொல்லவில்லை.

அங்கேயே நின்று பிளாக்கை எடுத்துவிட்டு போன் போட்டார். அண்ணன் அங்கே வீட்டு டிரைவர். எக்ஸிட் ரீ-என்ட்ரி கஃபீல் போட்டால்தான் கிளம்ப முடியும். கஃபீல் அந்த வாரம் ஊரில் இல்லை. நாமோ மய்யித்தை வைத்திருப்பதில்லை. அஸருக்குள் அடக்கிவிட்டோம். யாரோ ஒரு சொந்தக்காரர் காட்டிய வீடியோ காலில் கப்ரில் மண் தள்ளுவதை வண்டிக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இதையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குக் கேட்டது தம்பியின் ஸலாம் மட்டும். மேலே விமானம் போனதால் அதையும் அவர் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அந்தத் தாயாரின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்குவானாக. ஆமீன்.