நாவடக்கமும் நல்லுறவும்

மக்களோடு கலந்து பழகி வாழ்வது மேலா, ஒதுங்கி வாழ்வது மேலா என்னும் வினா மிகப் பழையது. இமாம் கஸ்ஸாலி (1058–1111) அவர்கள் தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூலில் தனிமை பற்றித் தனிப் பகுதியே வரைந்து, இரு பக்கத்து நன்மை தீமைகளையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். கற்றல், கற்பித்தல், பிறருக்கு உதவுதல் ஆகியன கலந்து வாழ்வதன் பயன்கள். புறம்பேசும் குற்றத்திலிருந்து தப்புவது தனிமையின் பயன்களுள் ஒன்று. வள்ளுவரும் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். நால்வர் கூடும் இடத்தில் ஐந்தாமவரின் குறை பரிமாறப்படுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவ்வாறாயின், எல்லாரோடும் பழகிக்கொண்டே எல்லாருடைய மறைவையும் காப்பது மனிதருக்கு இயலுமா?

இயலும் என்பதற்கு, மறைந்த நண்பர் ஒருவரின் வாழ்வைச் சான்றாகக் காட்டுவேன். அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். ஊரார் அவரை ‘லேப் பாய்’ என்றே அழைத்தனர். தேநீர்க் கடைப் பெஞ்சும், கல்யாண வீட்டுப் பந்தலும் அவர் இல்லாமல் களைகட்டியதில்லை. சர்க்கரைச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு செல்ல வேண்டும், சளிச் சோதனைக்கு விடியற்காலைச் சளியே ஏற்றது என்றெல்லாம் எடுத்துச் சொல்லி, தேவையானால் தாமே உடன் நடப்பார்.

அவருடைய தொழிலின் தன்மையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பெனடிக்ட் கரைசலோடு சிறுநீரைச் சேர்த்துச் சூடேற்றினால், சர்க்கரை இல்லாதபோது நீலம் நீலமாகவே நிற்கும். சர்க்கரை மிகுந்திருந்தால் செங்கல் நிறமாகும். 1882இல் இராபர்ட் காக் அறிவித்த காசநோய்க் கிருமி, சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில், நீலப் பின்னணியில் சிவந்த சிறு குச்சிகளாகத் தெரியும். நோயாளி தம் நிலையை அறியுமுன்பே, நுண்ணோக்கியில் கண் வைத்தவர் அறிந்துவிடுகிறார். மாலையில் அதே நோயாளி அவர் எதிரே அமர்ந்து தேநீர் அருந்துவார். நண்பரின் முகத்திலோ நேற்றிருந்த சிரிப்பே இன்றும் இருக்கும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் இரத்தச் சோதனை முடிவு ஒரு குடும்பத்தின் மானத்தையே சுமக்கும் தாளாயிற்று. பெண்ணைப் பெற்ற ஒருவர் நண்பரிடம் வந்து, “மாப்பிள்ளையின் இரத்தம் உங்கள் கைக்கு வந்ததுண்டா? குறை ஏதும் உண்டா?” என்று கேட்டார். நண்பர் சொன்னார்: “பாய், அது என் சொத்தில்லை, எடுத்துக் கொடுப்பதற்கு. பிள்ளைகள் இருவரையும் டாக்டரிடம் அழைத்துப்போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். என் மகள் கல்யாணத்திலும் நான் அதைத்தான் செய்தேன்.”

இங்கே ஒரு தடை எழும். திருமணம் குறித்துக் கலந்தாலோசிப்பவருக்கு உள்ள குறையை உரைப்பது தடுக்கப்பட்ட புறமாகாது என்று இமாம் நவவி (1233–1277) போன்ற அறிஞர்கள் விலக்களித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, நண்பரின் மௌனம் ஒரு பெண்ணின் வாழ்வைப் பணயம் வைப்பதாகாதா?

ஆகாது என்றே கருதுகிறேன். பழக்கத்தால் அறிந்தது வேறு. அமானிதமாகக் கைக்கு வந்தது வேறு. மேலும் அவர் தந்தையை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பழைய சோதனை இன்றைய நிலைக்குச் சான்றாகாது. புதிய சோதனையே உண்மையைக் காட்டும். அந்த வழியைத்தான் அவர் காட்டினார். இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. யாரைப் பற்றி யார் கேட்டாலும் அவர் விடை இதுவே. நலமாயிருப்பவரை ‘நலம்’ என்று சொல்லிவிட்டு, நோயுற்றவரைப் பற்றி மட்டும் வாய்மூடியிருந்தால், அந்த மௌனமே காட்டிக் கொடுத்திருக்கும். 2017இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டமும், ஒருவரின் தொற்று நிலையை அவருடைய துணைக்குத் தெரிவிக்கும் பொறுப்பை மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே, அதுவும் வரையறைகளோடு, அளித்திருக்கிறது. அச்சட்டம் பிறப்பதற்கு முன்பே நண்பர் தம் எல்லையை அறிந்திருந்தார்.

மறைந்தவரை நினைவுகூரும்போது அவர் பேசியவற்றையே அடுக்கிச் சொல்கிறோம். பேசாது விட்டவற்றைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? தாம் காக்கப்பட்டோம் என்பதைக் காக்கப்பட்டவர்களே அறியார். ஆளில்லாத இடத்தில் நாவைக் காப்பது எளிது. ஊர் முழுவதும் உறவாக இருக்க, ஊர் முழுவதன் இரகசியமும் நெஞ்சில் இருக்க, அதைக் காத்து முடிப்பதே அரிது. அது கைவரப் பெற்றவருக்குக் கலந்து வாழ்வதே மேல்.