நாலடி நகர்ந்து

2001 அக்டோபரில் மகன் எங்கள் இருவரையும் நியூ ஹாம்ப்ஷயரின் ஃபிராங்கோனியா நாட்ச் கணவாய்க்குக் கூட்டிப்போனான். சாலையோரம் காரை நிறுத்தி, ஏரிக்கு மேலே மலையைக் காட்டி, "அதோ பாரும்மா, மலைக் கிழவர்" என்றான். ஏரியிலிருந்து 1,200 அடி உயரத்தில் நெற்றி, மூக்கு, தாடை என்று 40 அடிக்கு ஒரு முகம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இவருக்குத்தான் நெடுநேரம் வெறும் பாறையாகவே இருந்தது. தோளைப் பிடித்து நாலடி நகர்த்தி நிறுத்தினேன். "அட, ஆமாம்!" என்று கைகூப்பிவிட்டார்.

உளி படாத முகம் அது. ஐந்து கிரானைட் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் துருத்திக்கொண்டு நின்றன. பக்கவாட்டில் பார்த்தால்தான் கிழவர். நம் ஊராக இருந்தால் சுயம்பு என்று கற்பூரம் காட்டியிருப்போம். அவர்கள் 1945-ல் மாநிலச் சின்னமாக்கினார்கள். விரிசலில் இறங்கும் தண்ணீர் உறைந்து பாறையை நெம்பும் என்று பயந்து, 1916-லேயே நெற்றிப்பாறையை இரும்புத் தண்டுகளால் இழுத்துக் கட்டினார்கள். பிற்காலத்தில் நீல்ஸ் நீல்சன் என்பவர் கோடைதோறும் கயிற்றில் இறங்கி விரிசல்களை அடைத்துவந்தார். அவருக்குப் பின் அவர் மகன். அப்பாவின் அஸ்தியைக் கிழவரின் கண்ணிலேயே வைத்தாராம் அந்த மகன்.

2003 மே 3, விடிந்து பார்த்தால் முகம் இல்லை. இரவில் சரிந்துவிட்டது. ஜனங்கள் வந்து பூ வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று மகன் ஃபோனில் சொன்னான்.

மறு வருஷம் இவரும் போய்விட்டார். "உடம்பு வெறும் சட்டைதானே" என்று துக்கம் கேட்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். தலையாட்டினேனே தவிர, மனம் ஒப்பவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சளில் பிள்ளையார் பிடிக்கிறேன். கிண்ணத்தில் இருந்தவரை மஞ்சள். அறுகம்புல் சாத்தியதும் பிள்ளையார். தும்பிக்கை இல்லை, தொந்தி இல்லை, ஆனாலும் அவர்தான். பூஜை முடிந்ததும் கொஞ்சம் வடக்கே நகர்த்தி, பிறகு கரைத்துவிடுகிறேன். கரைக்கத்தான் போகிறோம் என்று நைவேத்தியத்தில் குறை வைத்ததுண்டா? மஞ்சள் எங்கும் போவதில்லை, தண்ணீரில்தான் இருக்கிறது. கிழவரின் கல்லும் அப்படித்தான், அடிவாரத்தில் கிடக்கிறது. போனது முகம் மட்டும். கல் மட்டுமே நிஜம், முகம் மாயை என்றால், அந்த அப்பாவும் பிள்ளையும் இத்தனை காலம் கயிற்றில் தொங்கி எதைக் காப்பாற்றினார்கள்? சைவத்தில் அருவம், உருவம் என்று இரண்டோடு நிறுத்தாமல் அருவுருவம் என்று மூன்றாவதாக ஒன்றைச் சொல்லி, லிங்கத்தை அதில் வைத்தார்கள். பார்ப்பவர் வந்து நிற்கவும் ஓர் இடம் விட்ட சொல் அது என்றே எனக்குப் படுகிறது.

பல வருஷம் கழித்து மறுபடி போனேன். 2011-ல் ஏரிக்கரையில் இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அவரவர் உயரத்துக்கு ஏற்ற அடையாளத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தின் ஓரமாக மலையைப் பார்க்க வேண்டும். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பாட்டி, அங்க இல்ல, இங்க நில்லு" என்று பேத்தி என் தோளைப் பிடித்து நகர்த்தினாள்.

கம்பத்தின் மேடுபள்ளங்கள் மலையுச்சியில் போய்ப் பொருந்தின. நெற்றி, மூக்கு, தாடை. கைகூப்பினேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த ஊரில் வடக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டேன்.