சுவருக்குள் இருக்கும் அமானிதம்

சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் பிழைப்பை நாடிச் சென்று சிங்கப்பூரில் குடியமர்ந்த நம்மவர் குடும்பங்களில் எழும் வினா ஒன்றுண்டு. வாங்கிய பழைய வீட்டுக்குப் புதிதாக வயரிங் செய்தாக வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளர் கேட்கும் கூலி கையைக் கடிக்கிறது. ஊரில் பத்தாண்டுகள் இத்தொழில் செய்து, இப்போது அங்கே வேறு வேலை பார்க்கும் மச்சான் மகனோ, "நமக்குள் என்ன மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துத் தருகிறேன்" என்கிறான். உறவை ஒதுக்கி அந்நியருக்குப் பணம் கொடுப்பது முறையா? தொழில் தெரிந்தவனுக்குச் சான்றிதழ் எதற்கு?

இவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலாது. நம் வட்டாரத்துக்கு மின்சாரம் நேற்று வந்த விருந்தாளியன்று. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பெற்று, 1937இல் அங்கே மின்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. கிணற்று மோட்டாரோடும் விசைத்தறியோடும் பழகிய கைகள் நம்முடையவை. பாறை தட்டும் செம்மண்ணில் எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் மாறி மாறி இட்டு, "கோடையில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்" என்று சொல்லிச் செல்லும் வயர்மேனின் அறிவு வெறும் ஏட்டறிவன்று. அதை நாம் மதிக்கிறோம்.

ஆயினும் அந்த அறிவு இந்த மண்ணின் அறிவு. சிங்கப்பூர் வீடுகளில், பிளக் பாயிண்டுகளுக்குச் செல்லும் கம்பியை வளையமாகச் சுற்றி, புறப்பட்ட பெட்டிக்கே திருப்பிக் கொண்டுவரும் முறை உண்டு. இருபுறமும் மின்சாரம் பங்கிட்டுப் பாய்வதால் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியே 32 ஆம்பியர் பிரேக்கருக்குப் போதுகிறது. நம் ஊர் வீடுகளில் இது வழக்கமில்லை. அந்த வளையத்தில் ஓர் இணைப்பு விட்டுப்போனால் என்னவாகும்? ஒன்றும் ஆகாததுபோலவே இருக்கும்! எல்லா பிளக்குகளும் வேலை செய்யும். சுமை முழுவதும் ஒரு பக்கமாகத் திரும்பிக் கம்பி சுடும், பிரேக்கரோ விழாது. சோதித்துப் பார்க்கும் கருவியும் அதன் முறையும் தெரிந்தவருக்கே இக்குறை புலப்படும். விளக்கு எரிகிறது, வேலை சரி என்று நாம் நம்பியிருப்போம்.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைத்தவன் அதற்குப் பொறுப்பாளி என்பது நபிமொழி வழிவந்த சட்டம். 1350இல் மறைந்த இப்னு கையிம் தமது 'ஸாதுல் மஆத்'தில் இங்கே ஒரு வேறுபாடு காட்டுகிறார். அவன் அறியாதவன் எனத் தெரிந்தே நோயாளி இசைந்திருந்தால், அவன்மீது பொறுப்பில்லை. அறிந்தவன்போல் ஏமாற்றியிருந்தால் பொறுப்பு உண்டு. மின்தொழிலுக்கு இது முற்றிலும் பொருந்துமென்று நாம் சொல்லவில்லை. பொருந்தாத இடத்தில்தான் நம் வினாவுக்கு விடை கிடக்கிறது. நோயாளி ஒப்படைத்தது தன் உடலை. வீட்டுக்காரர் ஒப்படைப்பது யார் உடலை? ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடும் இல்லாளையும், தவழும் பேரக்குழந்தையையும், பின்னாளில் அவ்வீட்டை வாங்கப்போகும் முகமறியா மனிதரையும் அல்லவா! அவர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை. மச்சான் மகன்மீது நமக்குள்ள நம்பிக்கையை அவர்கள் உயிரின் பேரில் செலவிட நமக்கு உரிமை ஏது?

அந்தப் பிள்ளையின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேலை அனுமதியில் வந்தவன், அனுமதியில் குறித்த முதலாளிக்கன்றி வேறெவருக்கும் பணிபுரியக் கூடாதென்பது அந்நாட்டுச் சட்டம். நாம் மிச்சம்பிடிக்கும் சில நூறு வெள்ளிக்காக அவன் பிழைப்பையே பணயம் வைக்கிறான். அதை உறவு என்று வேறு அழைக்கிறோம்!

உரிமம் இருந்தால் ஒழுக்கமும் இருக்கும் என்று எண்ணுவதும் பேதைமை. பார்க்காமலே கையெழுத்திடும் உரிமக்காரர் அறியாதவனைவிடப் பொல்லாதவர். அவரை நம்புவதற்கு நம்மிடம் ஆதாரமும் கொடுத்துவிட்டாரே! ஆனால் அவரைக் கேள்வி கேட்க ஒரு வாசல் இருக்கிறது. சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்திடம் அவர் பெயர் பதிவில் உள்ளது, நாமே சரிபார்க்கலாம். 1985 ஜூலைக்கு முற்பட்ட வீடுகளிலும், மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவியை 2025 ஜூலைக்குள் பொருத்தியாக வேண்டுமென்று அந்த ஆணையம் விதித்தபோது, அவ்வேலையையும் உரிமம் பெற்றவரிடமே விட்டது.

ஊரில் கட்டி வாடகைக்கு விட்ட வீட்டுக்கு மட்டும் வேறு நியாயம் இருக்க முடியுமா? தமிழ்நாட்டிலும் மின் உரிமம் வழங்கும் வாரியம் உண்டு. மின்கம்பியாளருக்கும் உதவியாளருக்கும் தகுதிச் சான்று உண்டு. "சான்றைக் காட்டுங்கள் தம்பி" என்று கேட்க நமக்கு நாக்கு எழுவதில்லை, மரியாதைக் குறைவாம். அந்த வீட்டின் எர்த் குழிக்கு இந்தக் கோடையில் யாரேனும் தண்ணீர் ஊற்றினார்களா என்பதையும், குடியிருப்பவரிடம் தொலைபேசியில் இன்றே கேட்டுக்கொள்ளலாம்.